வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிள்: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கெட்டிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் இறக்கிச் சலாகையால் கெட்டித்துச் சுடும் பழைய முறை ரைஃபிள்கள் அமெரிக்காவில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய நீண்ட ரைஃபிளும், செயின்ட் லூயிஸ் நகரில் ஹாக்கன் சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் செய்த குட்டையான கனத்த ரைஃபிளும் இவற்றுள் பெயர்பெற்றவை. 1933-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம், இன்டியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் உள்ள தன் களத்தில் இவற்றுக்கான தேசியப் போட்டிகளை நடத்திவருகிறது.

நான் சுடுவது 0.50 அங்குலக் குழலும் கேப்பு (அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகத் தொப்பி) வைத்துச் சுடும் பொறியும் கொண்ட ஹாக்கன் பாணி ரைஃபிள். துணி சுற்றிய உருண்டைக் குண்டையே அதில் பயன்படுத்துகிறேன். புதிதாகப் பழக வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், என் குறிப்பேட்டின் துணையோடு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதுகிறேன். முறையாகச் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட்ட, கருமருந்துக்கென்றே செய்யப்பட்ட குழல்களுக்கு மட்டுமே இவை பொருந்தும்.

தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிளுக்கு இல்லாத இந்தக் கவலை இதற்கு மட்டும் ஏன்?

தோட்டாவில் மருந்தின் அளவு, குண்டின் எடை, குண்டு அமர்ந்திருக்கும் ஆழம், பற்றவைக்கும் கேப்பு ஆகிய அனைத்தும் தொழிற்சாலையிலேயே ஒன்றுபோல அமைக்கப்பட்டுவிடுகின்றன. வாய்வழி ரைஃபிளில் அந்தத் தொழிற்சாலையின் வேலையை ஒவ்வொரு வேட்டுக்கும் நாமே, களத்தில் நின்றுகொண்டு, வியர்த்த கைகளோடு செய்கிறோம். மருந்து சற்றுக் கூடினாலோ, துணியில் ஈரம் குறைந்தாலோ, குண்டு ஒருமுறை இறுக்கமாகவும் மறுமுறை தளர்வாகவும் அமர்ந்தாலோ, குண்டு புறப்படும் வேகம் மாறுகிறது. வேகம் மாறினால் குண்டு படும் உயரம் மாறுகிறது.

புரி, அதாவது உட்சுவரில் திருகுபோல ஓடும் பள்ளங்கள், வெட்டாத மழுங்கல் குழலில் எவ்வளவு கவனமாகக் கெட்டித்தாலும் ஓர் எல்லைக்கு மேல் பயன் இல்லை. அதன் காரணத்தை 1740-களில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் அழகாகக் காட்டினார். மஸ்கட் என்ற புரியில்லாப் பழைய துப்பாக்கியின் குழலொன்றின் நுனியை இடப்பக்கமாக வளைத்துவைத்து அவர் சுட்டபோது, குண்டு முதலில் இடப்பக்கமாகப் புறப்பட்டுப் பின்னர் வலப்பக்கமாக வளைந்து சென்றது. குழலின் சுவரில் உரசியதால் ஏற்பட்ட சுழற்சியே குண்டைத் திசைமாற்றுகிறது என்பதற்கு அது கண்கூடான சான்றாக அமைந்தது. ரைஃபிளின் புரிகள் செய்வது, அந்தத் தறிகெட்ட சுழற்சிக்குப் பதிலாக, செல்லும் திசையையே அச்சாகக் கொண்ட ஒழுங்கான சுழற்சியைக் குண்டுக்குக் கொடுப்பதுதான். கருவி தன் பங்கைச் செய்துவிட்ட பிறகு எஞ்சியிருப்பது நம் கையின் பங்கு.

எந்த மருந்தைப் பயன்படுத்த வேண்டும்?

கருமருந்தை, அல்லது அதற்கு மாற்றாகவே தயாரிக்கப்பட்டு அவ்வாறே குறிக்கப்பட்ட மருந்தை மட்டும் பயன்படுத்த வேண்டும். நவீனத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட இந்தக் குழலில் இடக்கூடாது. அது எழுப்பும் அழுத்தத்தை இக்குழல்கள் தாங்கா. குழல் வெடித்துச் சுடுபவரின் கையும் கண்ணும் போகும். இவ்விடத்தில் எனக்குச் சமரசமே கிடையாது.

கருமருந்து என்பது ஏறத்தாழ 75 விழுக்காடு வெடியுப்பும் 15 விழுக்காடு கரியும் 10 விழுக்காடு கந்தகமும் கலந்தது. பிரிட்டனின் கருமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு ஒரு காலத்தில் பெருமளவில் பீகாரிலிருந்து கப்பலேறிச் சென்றது என்பதை நம்மவர்கள் அறிந்திருப்பது நல்லது. கடையில் கிடைக்கும் மருந்தின் மணிகள் எஃப் என்ற எழுத்தின் எண்ணிக்கையால் தரம் பிரிக்கப்படுகின்றன. எண்ணிக்கை கூடக்கூட மணி சிறிதாகும், எரியும் வேகமும் கூடும். 0.50 அங்குலமும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட குழல்களுக்குப் பெரும்பாலோர் மூன்று எஃப் மருந்தையும், பெரிய குழல்களுக்கு இரண்டு எஃப் மருந்தையும் விரும்புகிறார்கள். ஒரே தரமாக இருந்தாலும் ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் சிறு வேறுபாடு இருப்பதுண்டு. ஆகவே ஒரு பருவத்துக்கு வேண்டியதை ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்கிவைத்துக்கொள்வது சிறந்தது.

அளவுக் குழாயால் அளந்தால் போதுமா, தராசில் நிறுக்க வேண்டுமா?

50 மீட்டர் தொலைவுக்கு அளவுக் குழாய் தாராளமாகப் போதும். ஆனால் அதைப் பயன்படுத்தும் முறை ஒன்றுபோல இருக்க வேண்டும். குழாயில் மருந்தை மெல்லச் சரித்தால் மணிகள் தளர்வாக விழும். தட்டிக்கொண்டே நிரப்பினால் நெருங்கி அமரும். இவ்விரண்டுக்கும் இடையே, அதே குழாயில், சில கிரெய்ன் வேறுபாடு வந்துவிடும். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம், 60 கிரெய்ன் மருந்து என்றால் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நான் குழாயைத் ததும்ப நிரப்பி, விரல் நகத்தால் மூன்று முறை தட்டி, மேலே குவிந்திருப்பதை வழித்துவிடுகிறேன். நீங்கள் ஐந்து முறை தட்டினாலும் சரி, தட்டாமலே விட்டாலும் சரி. எந்த வழியைத் தேர்ந்தாலும் அதையே கடைசிவரை கடைப்பிடியுங்கள்.

பன்னாட்டுப் போட்டிகளில் சுடுபவர்கள் மருந்தை முன்னதாகவே அளந்து, வேட்டுக்கு ஒன்றாகச் சிறு குப்பிகளில் அடைத்துக்கொண்டு வருகிறார்கள். இதனால் அளவும் துல்லியமாகிறது. திறந்த மருந்துப் பாத்திரம் சுடுமிடத்தில் இருக்க வேண்டிய தேவையும் இல்லாமற்போகிறது. மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்தோ குடுவையிலிருந்தோ நேரே குழலுக்குள் மருந்தைக் கொட்டுவது ஒருபோதும் கூடாது. குழலின் அடியில் ஒரு நெருப்புப் பொறி கனன்றுகொண்டிருந்தால், கையிலுள்ள கொம்பு முழுவதும் வெடிகுண்டாகிவிடும்.

மாற்று மருந்துகளைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக்கூடாது. அவற்றுள் பல கருமருந்தைவிட இலேசானவை. ஆகவே கருமருந்தின் கன அளவை வைத்தே அவற்றை அளக்க வேண்டும். எடைக்கு எடை போட்டால் அளவு மிகுந்துவிடும். சிலவற்றுக்குக் கன அளவையும் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால், டப்பாவில் தயாரிப்பாளர் அச்சிட்டிருப்பதே இறுதிச் சொல்.

என் ரைஃபிளுக்கு எவ்வளவு மருந்து சரி?

இதற்கு ரைஃபிள்தான் விடை சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட உச்ச அளவுக்கு வெகு கீழே தொடங்குங்கள். 0.50 அங்குலக் குழலில் உருண்டைக் குண்டுக்கு 50 கிரெய்னில் தொடங்கி, ஐந்தைந்து கிரெய்னாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் ஐந்து குண்டுகளைத் தாங்கியின் மீது வைத்துச் சுட்டுப் பாருங்கள். ஓர் அளவில் துளைகள் நெருங்கி விழும்; அதைத் தாண்டினால் மீண்டும் சிதறும். என் ரைஃபிள் 60 கிரெய்னில் அடங்கியது. அதே கடையில் அதே மாதிரி ரைஃபிளை வாங்கிய நண்பருக்கு அந்த அளவு ஒத்துவரவில்லை. மருந்து கூடினால் குறி கூர்மையாகும் என்ற எண்ணத்தைக் கைவிடுவதுதான் பலருக்கும் கடினமாக இருக்கிறது. 50 மீட்டரில் காகிதத்தைத் துளைக்க அவ்வளவு வேகம் தேவையே இல்லை. தோளுக்கும் அது நல்லதில்லை.

குண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கலப்பில்லாத மெல்லிய ஈயத்தில் வார்த்த குண்டாக இருக்க வேண்டும். பழைய சக்கர எடைகளில் உள்ள ஈயம் கடினமானது. துணியின் பிடி அதில் பதியாது. 0.490 அங்குல விட்டமுள்ள தூய ஈயக் குண்டு ஏறத்தாழ 177 கிரெய்ன், அதாவது சுமார் 11.5 கிராம் இருக்கும். வீட்டில் வார்க்கும் குண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்வதுண்டு. உள்ளே ஒரு பக்கம் பொள்ளலான குண்டு பறக்கும்போது தள்ளாடும். ஆகவே வார்த்த குண்டுகளைத் தராசில் நிறுத்து, மற்றவற்றைவிட ஒரு கிரெய்னுக்கு மேல் எடை குறைந்தவற்றை மீண்டும் உருக்கும் பாத்திரத்தில் போட்டுவிடுகிறேன். நிறுப்பதால் கிடைக்கும் பலன் மருந்தைவிடக் குண்டில்தான் அதிகம் என்பது என் கருத்து. வார்ப்பு வாய் வெட்டிய தட்டையான தழும்பு எப்போதும் நேர் மேலே இருக்கும்படி குண்டைக் குழல்வாயில் வையுங்கள். அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தால், அந்தச் சிறு சமனின்மையும் ஒவ்வொரு பக்கமாகக் குண்டை இழுக்கும்.

ஈயத்தை உருக்கும்போது காற்றோட்டமும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள்.

குண்டைச் சுற்றும் துணிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழலின் விட்டம் 0.500 அங்குலம், குண்டின் விட்டம் 0.490 அங்குலம் என்றால், குண்டுக்கும் குழல் சுவருக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் 0.005 அங்குல இடைவெளிதான் உள்ளது. அதற்குள் 0.015 அங்குலத் தடிப்புள்ள துணி நுழைய வேண்டும். துணி நசுங்கி, தன் நெசவின் தடத்தை ஈயத்தில் பதித்து, புரிகளின் பள்ளங்களிலும் அடைந்துகொள்கிறது. இந்த நசுக்கல்தான் பின்னாலிருந்து வரும் வாயுவைத் தடுக்கிறது. புரியின் திருப்பத்தைக் குண்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுவே. பழைய பாணிக் குழல்களில் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று புரியின் திருப்பம் மெதுவானது. உருண்டைக் குண்டுக்கு அது போதும், துணியின் பிடி நழுவாமல் இருந்தால்.

துணி நெருக்கமாக நெய்த பருத்தியாகவோ லினனாகவோ இருக்க வேண்டும். தலையணை உறை தைக்கும் கோடுபோட்ட கெட்டித் துணியைத்தான் அமெரிக்காவில் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். செயற்கை இழை கலந்த துணி உருகிக் குழலில் ஒட்டும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். கடையிலிருந்து வாங்கிய துணியைக் கஞ்சிப் பசை போகத் துவைத்து உலர்த்திய பிறகே அதன் தடிப்பை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். துணிக்கடையில் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துணிகள், அளந்தால் 0.003 அங்குலம் வேறுபடும். அந்த அளவு வேறுபாடு போதும், சலாகை இறங்கும் உணர்வே மாறிவிட.

துணிக்கு எந்த மசகு நல்லது?

எச்சில் முதல் தேன்மெழுகு வரை எல்லாவற்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. உடனுக்குடன் சுடும் போட்டிகளில் எச்சில் நன்றாகவே வேலை செய்கிறது. வேட்டைக்குப் போவோர், கெட்டித்த துப்பாக்கியை நெடுநேரம் சுமக்க வேண்டியிருப்பதால், மருந்தை நனைக்காத தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மசகை நாடுகிறார்கள். நான் பயன்படுத்துவது நீரில் கரையும் எண்ணெயைத் தண்ணீரில் கலந்து துணியை முக்கி, தட்டையாக விரித்து உலர்த்திய குண்டுத் துணி. இதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு துணியிலும் ஒரே அளவு மசகு ஏறியிருக்கிறது என்ற உறுதிதான். விரலால் தடவும் மசகில் அந்த உறுதி கிடைப்பதில்லை. இயந்திரங்களுக்கு இடும் சாதாரண பெட்ரோலிய எண்ணெய் கருமருந்தின் கசடோடு சேர்ந்தால் தார்போல இறுகுவதால், அதைத் துணிக்குத் தவிர்க்கவும்.

சலாகையால் எவ்வளவு அழுத்த வேண்டும்?

குண்டு மருந்தின் மீது முழுமையாக அமர வேண்டும் என்பது முதல் விதி. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால், குறி தவறுவதோடு நிற்காது. நடுவழியில் நிற்கும் குண்டு குழலுக்கு ஓர் அடைப்பாகிக் குழலைப் புடைக்கவோ பிளக்கவோ செய்யலாம். ஆகவே சரியான அளவு மருந்தும் துணியும் குண்டும் இட்டுக் கெட்டித்தபின், குழல்வாயின் மட்டத்தில் சலாகையைச் சுற்றி ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு குழல்வாயோடு ஒன்ற வேண்டும். கோடு மேலே நின்றால் குண்டு அமரவில்லை, அல்லது மருந்து இரட்டித்திருக்கிறது. கோடு உள்ளே மறைந்தால் மருந்து குறைந்திருக்கிறது, அல்லது மருந்தே இல்லை.

இரண்டாவது விதி, அழுத்தம் ஒன்றுபோல இருப்பது. கருமருந்து சீராக எரிய, அது சீராக அழுந்தியிருக்க வேண்டும். சலாகையைத் தூக்கித் தூக்கிப் போட்டு, அது எம்பிக் குதிக்கும்வரை இடிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது மருந்து மணிகளை நொறுக்குகிறது, மெல்லிய ஈயத்தின் தலையைச் சப்பையாக்குகிறது. ஒவ்வொரு இடியும் ஒவ்வொரு விதமாக விழுகிறது. மெல்ல இறக்கி, குண்டு அமர்ந்ததும் ஒரே அழுத்தமாக அழுத்தி, கையை எடுத்துவிட வேண்டும். என் கைக்கு இதைப் பழக்க நான் செய்தது எளிய வழி. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் மீது வெறும் ரைஃபிளின் கட்டையை ஊன்றி, சலாகையை உள்ளே விட்டு, முள் 15 கிலோ கூடும்வரை அழுத்திப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டு, பிறகு திறந்து பார்ப்பேன். முதல் நாள் ஒருமுறை 9, மறுமுறை 22 என்று முள் ஆடியது. ஒரு வாரத்தில் கை அந்த எடையைக் கற்றுக்கொண்டது. 15 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. உங்களுக்கு 12 வசதியாக இருந்தால் அதுவே இருக்கட்டும்.

மரச் சலாகையைக் குழல்வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நுனியைப் பிடித்து முழு நீளத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் மரம் வளைந்து சிம்பாக உடையும்; உடைந்த முனை உள்ளங்கையில் ஏறிவிடும். களத்துக்கென்று உலோகச் சலாகை வைத்திருப்போர், அது குழல்வாயின் புரிகளை உரசித் தேய்க்காதபடி பித்தளைக் காப்பு ஒன்றை மாட்டிக்கொள்வது அவசியம். குழல்வாயின் விளிம்புதான் குண்டைக் கடைசியாகத் தொடும் இடம். அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால், மற்ற எல்லாக் கவனமும் வீண்.

நான்கைந்து குண்டுகள் சுட்டபின் சலாகை இறங்க மறுக்கிறதே?

இதுதான் கசடு. கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. ஒரு பகுதி வெண்புகையாக வெளியேற, மீதி குழலில் படிகிறது. அந்தப் படிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமான நாளில் குழைந்தும், வறண்ட நாளில் கெட்டியாகியும் அது படுத்தும் பாடு வேறு வேறாக இருக்கும்.

குறியின் ஒழுங்கைக் கெடுப்பவற்றுள் முதலிடம் இதற்கே தருவேன். முதல் குண்டு சுத்தமான குழலில் செல்கிறது. இரண்டாவது சற்றுக் கசட்டில். ஐந்தாவது குண்டைக் கெட்டிக்கும்போது, குழலடிக்கு நான்கு விரல் மேலே சலாகை ஒரு சொரசொரப்பான வளையத்தில் இடறுவதைக் கையே உணரும். ஐந்து குண்டுகளுக்கும் ஐந்து வேறு குழல்கள் என்றுதான் இதைப் பார்க்க வேண்டும்.

தீர்வு, ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் துடைப்பது. ஆனால் துடைப்பதும் அளவோடு இருக்க வேண்டும். துடைக்கும் துணியை நனைத்து, சொட்டு விடாதபடி நன்றாகப் பிழிந்து, ஒருமுறை அடிவரை இறக்கி மேலே எடுங்கள். பின்பு அதைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை. அதன்பின் உலர்ந்த துணி ஒன்று. ஈரம் அதிகமானால் கசடு கரைந்து குழலடிக்கு வழிந்து, தீ உள்ளே போகும் சிறு துளையான பற்றுவாயை அடைத்து, அடுத்த வேட்டை நமுக்கச் செய்துவிடும். துணி குழலுக்கு மிக இறுக்கமாக இருந்தால், கசட்டை மேலே கொண்டுவருவதற்குப் பதிலாக அடியில் தள்ளி அடைத்துவிடும். ஆகவே துடைக்கும் துணி குண்டுத் துணியைவிட மெல்லியதாக, இறங்கும்போது நழுவி, ஏறும்போது சுருண்டு பிடிப்பதாக இருக்க வேண்டும்.

ஓராண்டு முழுவதும் என் குறித்தாள்களில் ஒரு வினோதம் இருந்தது. மூன்று துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு துளைகள் மூன்று விரல் உயரத்தில் தனியே நிற்கும். மருந்தை மாற்றினேன், துணியை மாற்றினேன், பார்வைக் குறியைக்கூட மாற்றினேன். ஒருநாள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இரண்டு தடவை நீ உலர்ந்த துணியை விடவில்லை" என்றார். பேச்சுக்கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே கெட்டித்த வேட்டுகள் அவை இரண்டும். அன்று முதல் கெட்டிக்கும்போது நான் பேசுவதில்லை.

சுட்டபின் கீழே விழும் துணியைப் பொறுக்கிப் பார்ப்பது எதற்காக?

குழலுக்குள் என்ன நடந்தது என்பதற்கு நம் கையில் கிடைக்கும் ஒரே சாட்சி அது. களம் பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டபின், குழல்வாய்க்கு முன்னே சில மீட்டர் தொலைவில் புல்லில் தேடுங்கள். நல்ல துணி வட்டம் குலையாமல் கிடக்கும்; நடுவில் மருந்தைத் தொட்டிருந்த இடம் கரிந்தும், அதைச் சுற்றிக் குண்டு அமர்ந்திருந்த பகுதி வெளிறியும், விளிம்பு பிசிறியும் இருக்கும். நடுப்பகுதி ஓட்டையாக எரிந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது மசகு போதவில்லை. குண்டின் இடுப்புக்கு நேரே வட்டமாகப் பற்றி எரிந்திருந்தால் வாயு பக்கவாட்டில் கசிகிறது. தடித்த துணியோ சற்றுப் பெரிய குண்டோ தேவை. புரிகளின் இடைவெளியில் கத்தியால் கீறியதுபோன்ற வெட்டுகள் தெரிந்தால், புதுக் குழலின் கூரிய மேடுகளோ குழல்வாயின் விளிம்போ துணியை அறுக்கின்றன என்று பொருள். துணியே கிடைக்கவில்லை, கரித்துண்டுகள்தான் கிடைக்கின்றன என்றால் குண்டு துணியின் துணையின்றியே போயிருக்கிறது. அந்தக் குறித்தாளைப் பார்த்து மருந்தளவைத் திருத்துவதில் அர்த்தமில்லை.

கேப்பும் தீக்கல்லும் குறியைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-இல் காப்புரிமை பெற்ற, அடித்தால் வெடிக்கும் மருந்தின் முறையிலிருந்துதான் கேப்பு பிறந்தது. கேப்பு, அதைச் செருகும் துளையிட்ட முளையான நிப்பிளில் முழுவதுமாக அமராவிட்டால், குதிரையின் (விசையை இழுத்ததும் கேப்பை அடிக்கும் சுத்தி) முதல் அடி அதைக் கீழே தள்ளுவதிலேயே வீணாகும். நிப்பிளுக்குப் பொருத்தமான அளவுக் கேப்பை வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி அழுத்தி அமர்த்துங்கள்.

கேப்புக்குப் பதிலாகக் கல்லின் பொறியால் பற்றும் தீக்கல் ரைஃபிளில் கவனிக்க வேண்டியவை மிகுதி. பற்றுவாய்க்கு வெளியே உள்ள சிறு கிண்ணத்தில் இடும் நுண்மருந்து பற்றுவாயை மூடக்கூடாது. மூடினால், தீ ஒரே பாய்ச்சலில் உள்ளே போகாமல், திரி எரிவதுபோல மணிமணியாக எரிந்து செல்லும். அந்த நொடிப்பொழுதில் ரைஃபிள் குறியைவிட்டு நகர்ந்துவிடும். கிண்ணத்தில் பாதிக்குக் குறைவாக, எப்போதும் ஒரே அளவு இடுங்கள். கல்லின் முனை மழுங்கினால் தயங்காமல் மாற்றுங்கள்.

மினியே குண்டுக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றே, ஆனால் துணி கிடையாது. பிரெஞ்சுப் படை அதிகாரி கிளோது எத்தியென் மினியே 1849-இல் அறிமுகப்படுத்திய அந்தக் குண்டின் அடி குடைவாக இருக்கும். வாயு அந்தக் குடைவை விரித்து ஈயத்தைப் புரிகளில் பதிக்கிறது. ஆகவே குண்டு குழலைவிட மிகச் சிறிதளவே சிறியதாக இருக்க வேண்டும், குடைவின் விளிம்பில் குறை இருக்கக்கூடாது, மசகு பள்ளங்களில் சமமாக நிரம்பியிருக்க வேண்டும். 0.577 அங்குல என்ஃபீல்டு 1853 ரைஃபிளின் குண்டு இவ்வகையைச் சேர்ந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பொறியாகிய கொழுப்புத் தடவிய தோட்டா என்று நாம் பள்ளியில் படித்தது இதன் தோட்டாவைத்தான். துணியின் பிடி இல்லாததால், குழல்வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் மினியே குண்டு நழுவி முன்னே வந்துவிடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

தொடக்கம் முதல் வெடிக்கும்வரை உங்கள் வரிசை என்ன?

குழல் எப்போதும் இலக்குத் திசையிலும், என் முகம் எப்போதும் குழல்வாய்க்கு விலகியும் இருக்கும். முதலில் குழல் காலியாக இருப்பதைச் சலாகையை விட்டு உறுதிசெய்கிறேன். அளந்த மருந்தை இட்டு, குழலின் பக்கத்தை உள்ளங்கையால் நான்கு முறை தட்டி, மணிகளை அடியில் அமரச் செய்கிறேன். துணியை அதன் நெசவுக் கோடுகள் குழலின் நீளத்துக்கு இணையாக இருக்கும்படி விரித்து, குண்டைத் தழும்பு மேலிருக்க நடுவில் வைத்து, குட்டைக் கட்டையால் உள்ளே தள்ளுகிறேன். பின்பு சலாகை, ஒரே அழுத்தம், கோட்டைப் பார்த்தல். சலாகையை வெளியே எடுத்துக் கண்ணெதிரே மேசையில் வைத்தபிறகே கேப்பை எடுக்கிறேன். சலாகையைக் குழலிலேயே விட்டுச் சுட்டவர்கள் உண்டு. அது ஈட்டியாகப் பாயும். கேப்பு வைப்பது சுடும் நிலையில் நின்றபின், கடைசியாக மட்டும். கண்ணாடியும் காதடைப்பானும் களத்தில் நுழையும்போதே அணிந்தாகிவிடும்.

பன்னாட்டு வாய்வழித் துப்பாக்கிச் சங்கங்களின் குழு நடத்தும் போட்டிகளில் 30 நிமிடத்தில் 13 குண்டுகள் சுடலாம். அவற்றுள் சிறந்த 10 கணக்கில் எடுக்கப்படும். குண்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. இந்த வரிசையை அவசரமின்றி முடிக்க அது போதுமானது.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை. என்ன செய்வது?

குழலை இலக்கின் திசையிலேயே அசையாமல் வைத்துக்கொண்டு, குறைந்தது ஒரு நிமிடம் காத்திருங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு. அதன்பின் கேப்பை மாற்றி மீண்டும் முயலுங்கள். மருந்து இடாமல் குண்டை இறக்கிவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை; எல்லோருக்கும் நடந்திருக்கிறது. களப் பொறுப்பாளரிடம் சொல்லி, குண்டு இழுக்கும் திருகாலோ அழுத்த வாயுக் கருவியாலோ வெளியேற்றுங்கள்.

இந்தியாவில் இதைப் பழக முடியுமா?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வாய்வழித் துப்பாக்கியும் உரிமம் தேவைப்படும் சுடுகலனே. பழையது, எளியது, கருமருந்தில் இயங்குவது என்பதால் விலக்கு கிடையாது. நம் ஊர்ப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி என்ற பெயரில் குழாயை வைத்துச் செய்யப்படுபவை சட்டத்துக்குப் புறம்பானவை. அதோடு, அவற்றின் குழல் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பது செய்தவருக்கே தெரியாது. இப்பக்கத்தில் உள்ள எந்த அளவையும் அவற்றில் முயலக்கூடாது. மருந்தை வீட்டில் கலப்பதும் அவ்வாறே. பிற நாடுகளில் வாழும் தமிழர்கள், அங்கங்குள்ள சட்டத்தை அறிந்த சங்கம் ஒன்றில் சேர்ந்து, களப் பொறுப்பாளரின் கண்பார்வையில் பழகுவதே சரியான வழி.

ஒவ்வொரு நாளும் முதல் குண்டு மட்டும் விலகிப் படுகிறதே?

சென்ற முறை துப்புரவு செய்து பூசிய எண்ணெய் குழலில் எஞ்சியிருக்கிறது. வெந்நீரால் கழுவி, உலர்த்தி, துரு பிடிக்காமல் எண்ணெய் பூசி வைப்பது கட்டாயமானது. ஆனால் அடுத்த முறை கெட்டிக்கும் முன் அந்த எண்ணெயை உலர்ந்த துணிகளால் முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு, மருந்து இடாத காலிக் குழலில் இரண்டு கேப்புகளை வெடித்து, பற்றுவாயில் தேங்கியதை ஊதித் தள்ளுங்கள். குழல்வாய்க்கு முன்னே ஒரு புல்லிதழ் இருக்கும்படி தரையை நோக்கிப் பிடித்து இதைச் செய்வது என் வழக்கம். கேப்பு வெடித்ததும் அந்தப் புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் நிப்பிளைக் கழற்றிக் குத்தூசியால் சுத்தம் செய்துவிட்டு, மறுபடியும் புல்லைப் பார்க்கிறேன்.